ஹாலும் நேரலையும், நடுவுல ரெண்டு கோடும்

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பன் ஒருத்தன் வாட்ஸப்புல ஒரு அழைப்பிதழ் அனுப்பினான். பெங்களூர்ல ஒரு குட்டி கம்பெனி ஸ்மார்ட் மோதிரம் வெளியிடறாங்களாம். சனிக்கிழமை சாயங்காலம் விழா. நேர்ல வரலாம், முடியாதவங்க யூட்யூப்ல நேரலையா பார்க்கலாம். நேர்ல வர்றவங்களுக்கு டீ, சமோசா, ஒரு டி-ஷர்ட். நேரலைல பார்க்கறவங்களுக்கு முதல் 500 பேருக்கு மட்டும் தள்ளுபடி கூப்பன். "வாடா, போயிட்டு வரலாம்"னான். "ஆணி நிறைய இருக்குடா"ன்னு சொல்லி தப்பிச்சுட்டேன்.

ஆணியெல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல துணி மடிச்சுக்கிட்டு தான் இருந்தேன். போகாததுக்கு வேற காரணம் இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டது. இன்னைக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த மாதிரி பாதி ஹால், பாதி நேரலை விழாக்களுக்கு நான் எதிரி இல்ல. சின்ன கம்பெனிக்கு வேற வழி கிடையாது. நாய்ஸ், போட், ஃபயர்-போல்ட் மாதிரி பெரிய பேருங்க இருக்கற தேடல் பக்கத்துல, பேர் தெரியாத ஒரு வாட்ச் நாலாவது பக்கத்துல போய் உக்காந்துக்கும். கடைக்காரர் ஷோகேஸ்ல வைக்கணும்னா அவருக்கு பெரிய பங்கு கொடுக்கணும். டிவி விளம்பரத்த பத்தி கனவுல கூட நினைக்க முடியாது. ஒரு ஹால், ரெண்டு கேமரா, ஒரு இன்டர்நெட் கனெக்‌ஷன், இது தான் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு.

இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டதுன்னு பெபிள் வாட்சை சொல்லலாம். எரிக் மிகிகோவ்ஸ்கின்னு ஒரு கனடாக்காரர். முதலீட்டாளர்கள் கை விரிச்சதும் 2012 ஏப்ரல்ல கிக்ஸ்டார்ட்டர்ல போய் நின்னார். கேட்டது 1 லட்சம் டாலர். ரெண்டு மணி நேரத்துல அது வந்துருச்சு. மே மாசம் முடியும்போது 68,929 பேர் சேர்ந்து 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு மேல கொடுத்திருந்தாங்க. அது முழுக்க ஆன்லைன். ஆனா செப்டம்பர்ல தரேன்னு சொன்ன வாட்ச் வரல. ஜனங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் 2013 ஜனவரில லாஸ் வேகாஸ்ல சிஇஎஸ் கண்காட்சி. மனுஷன் அங்க நேர்ல வந்து வாட்சை கையில கட்டிக் காட்டி, "ஜனவரி 23ல இருந்து அனுப்பறோம்"னு தேதி சொன்னார். அனுப்பவும் ஆரம்பிச்சார்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. காசு ஆன்லைன்ல வந்துச்சு, நம்பிக்கை நேர்ல வந்துச்சு. ரெண்டும் ரெண்டு வேலை. இன்னைக்கு நம்ம ஊர் குட்டி கம்பெனிகள் இந்த ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல ஒரே மேடைல முடிக்கப் பார்க்கறாங்க. அங்க தான் சிக்கல்.

ஏன் நேர்ல வேணும்? மத்த சாமானுக்கு வேண்டாம் சார். போனை படத்துல பார்த்தே வாங்கலாம். ஆனா உடம்புல போடற சாமான் அப்படி இல்ல. மோதிரத்தையே எடுத்துக்கங்க. காலைல ஒரு சைஸ், ராத்திரி ஒரு சைஸ்னு நம்ம விரல் வீங்கி வடியும். அதனால தான் ஊரா கம்பெனி வெறும் பிளாஸ்டிக் வளையங்களை முதல்ல அனுப்பி, ஒரு நாள் முழுக்க போட்டுப் பார்த்துட்டு சைஸ் சொல்லுங்கன்னு சொல்றாங்க. வாட்சுக்கும் அதே தான். பின்னாடி பச்சை லைட் மினுக்குதே, அது சும்மா அழகுக்கு இல்ல. தோலுக்குள்ள ஒளியை அனுப்பி, ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ஒளியை விழுங்குதுன்னு பார்த்து இதயத்துடிப்பை கணக்கு போடுது. ஸ்ட்ராப் லூசா இருந்தா தப்பு. கை ஆடினா தப்பு. பச்சை குத்தி இருந்தா தப்பு. கை சில்லுன்னு இருந்தா தப்பு. தோல் கறுப்பா இருந்தாலும் பச்சை ஒளி அதிகமா உறிஞ்சப்படும், சிக்னல் மெலிஞ்சு போகும்.

தோல் நிறம் சமாச்சாரம் சின்ன விஷயம் இல்லீங்க. ஆஸ்பத்திரில விரல்ல மாட்டற ஆக்சிஜன் மீட்டரைப் பத்தி 2020 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆக்சிஜன் குறைஞ்சிருக்கறதை மீட்டர் கண்டுபிடிக்காம விடறது வெள்ளைக்கார நோயாளிகளை விட கறுப்பின நோயாளிகளுக்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா நடந்திருக்கு. ஆஸ்பத்திரி சாமானுக்கே இந்த கதின்னா, 2,500 ரூபா வாட்ச் நம்ம ஊர் வெயில்ல கருத்த கையில என்ன காட்டும்னு கட்டிப் பார்த்தா தானே தெரியும்? அதுக்கு தான் ஹால் வேணும்.

ஆனா ஹால்ல நிஜமா என்ன நடக்குது? நான் இருந்த விழாவையே சொல்றேன். இருந்தேன்னா, பார்வையாளனா இல்ல. மேடைக்கு பின்னாடி லேப்டாப்போட.

காலேஜ் முடிச்சு ரெண்டாவது வேலை எனக்கு அது. பேர் வேண்டாம். இருபது பேர் இருந்த கம்பெனி, வாட்ச் செஞ்சாங்க. அதுல வாட்சுக்குள்ள ஓடற மென்பொருள் எழுதற மூணு பேர்ல நானும் ஒருத்தன். 2022ல வெளியீட்டு விழா. ஹால்ல 180 பேர், நேரலைல நாலாயிரத்து சொச்சம்.

ஒத்திகைல எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. ஒத்திகைல இருந்தது பன்னெண்டு பேர். விழா அன்னைக்கு 180 பேரும் ஆளுக்கு ஒரு போன், பாதி பேர் கையில ஒரு வாட்ச், காதுல ஒரு இயர்பட். இதுல என்ன பிரச்னைன்னு தொழில்நுட்பம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். புளூடூத் ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல தான் வைஃபையும் ஓடுது. புளூடூத் லோ எனர்ஜிக்கு மொத்தம் 40 சேனல். அதுல "நான் இங்க இருக்கேன்"னு கத்தறதுக்கு முக்கியமா இருக்கறது மூணே மூணு. கோயில் திருவிழால காணாம போன பிள்ளையை மூணே மூணு மைக்ல முந்நூறு பேர் ஒரே நேரத்துல கூப்பிட்டா எப்படி இருக்கும்? அது மாதிரி தான். வாட்சும் போனும் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கவே தடுமாறும்.

அது கூட பரவாயில்ல. பெரிய தலைவலி வேற. எங்க முதலாளி மேடைல ஓடிக்கிட்டே பேசுவார், பின்னாடி பெரிய திரைல அவரோட இதயத்துடிப்பு ஏறணும். இது தான் காட்சி. ஆனா கை ஆடினா சிக்னல் போயிடும். சிக்னல் போனா எங்க வாட்ச் நேர்மையா "--"ன்னு ரெண்டு கோடு காட்டும். "எனக்கு தெரியல"ங்கறதுக்கு வாட்ச் பாஷைல அது தான் அர்த்தம். விழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒத்திகை பார்த்த முதலாளி சொன்னார், "அந்த ரெண்டு கோடு திரைல வரக் கூடாதுப்பா. பார்க்கறவங்க வாட்ச் கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க. ஹால்ல இருக்கறவங்களையாவது பேசி சமாளிச்சிடலாம். நேரலைல இருக்கறவன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருவான்."

அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கத் தான் செஞ்சது. ஹால்ல நடக்கற தப்பு காத்தோட போயிடும். நேரலைல நடக்கற தப்பு கல்வெட்டு. ஆக ஒரே மேடைல ரெண்டு கூட்டம்னு ஆனதும், கல்வெட்டுக்கு பயந்து நேர்ல வந்தவனுக்கும் நாடகம் தான்.

நான் என்ன செஞ்சேன்? ஒரே ஒரு வரி. சிக்னல் போனா கடைசியா கிடைச்ச நல்ல நம்பரை 10 விநாடி பிடிச்சு வைன்னு ஏற்கனவே இருந்துச்சு. அது நியாயமான விஷயம், எல்லாரும் செய்யறது தான். அந்த 10ஐ 300 ஆக்கினேன். அஞ்சு நிமிஷம். மேடைல ரெண்டு கோடு வரவே வராது.

வரல. கைத்தட்டல் பின்னிடுச்சு. இருபது நிமிஷத்துல முதல் தவணை ஸ்டாக் காலி. அதுலயும் ஒரு கூத்து. நேரலைங்கறது நேரலை இல்ல, கிட்டத்தட்ட இருபது விநாடி தாமதம். பக்கத்து வீட்டுல "சிக்ஸ்"னு கத்தின அப்புறம் நம்ம போன்ல பவுலர் ஓடி வருவானே, அதே கதை. ஹால்ல முதலாளி "இப்போ வாங்கலாம்"னு சொன்னதும் ஹால்ல இருந்தவங்க பட்டனை அமுக்கிட்டாங்க. வீட்டுல பார்த்தவனுக்கு அவர் சொன்னது கேக்கறதுக்குள்ள பாதி கூப்பன் தீர்ந்து போச்சு. சாட்ல ஒரே திட்டு. அதை அழிக்கறதுக்குன்னே தனியா ஒரு பையன் உக்காந்திருந்தான். நாங்க பின்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தோம். இப்ப நினைச்சா சிரிப்பு வரல.

அன்னைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணார். கோவில்பட்டில அப்பாவும் அத்தையும் டிவில யூட்யூப் போட்டு முழுசா பார்த்திருக்காங்க. "ஏல, ஒங்க மொதலாளி ஓடுதாரு, நம்பரு அப்படியே ஏறுது! நீயால செஞ்ச அத?" நான் "ஆமாப்பா"ன்னேன். அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. எனக்குத் தெரியாம அத்தைக்கு ஒண்ணு புக் பண்ணிட்டார். அத்தைக்கு அப்பப்ப நெஞ்சு படபடன்னு வரும். ரொம்ப நாளா இருக்கு, "வாயுத் தொல்லை"ன்னு அவங்களே முடிவு பண்ணி வச்சிருந்தாங்க.

மேடைக்காக போட்ட 300ஐ விழா முடிஞ்சதும் எடுத்திருக்கணும். எடுக்கல. யாரும் எடுக்க சொல்லல, எனக்கும் மறந்து போச்சு. அடுத்த நாளே வேற வேலை, வேற பக். அஞ்சு மாசம் கழிச்சு அந்த மென்பொருளே டப்பால அடைச்சு வீடு வீடா போச்சு.

ஒரு நாள் ராத்திரி அத்தைக்கு படபடப்பு வந்திருக்கு. வழக்கத்தை விட ஜாஸ்தி, வேர்வை வேற. எந்திரிச்சு உக்காந்து வாட்சைப் பார்த்திருக்காங்க. 76. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பப் பார்த்தாலும் 76. "ஒன் வாட்ச்சு எழுவத்தாறுன்னு தானய்யா காமிச்சுது, அதான் ஒண்ணுமில்லன்னு பேசாம படுத்துட்டேன்"னு எங்கிட்டயே சொன்னாங்க. காலைல அப்பா பார்த்துட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ஈசிஜி எடுத்ததுல துடிப்பு தாறுமாறா இருக்குன்னு தெரிஞ்சது. மாத்திரை கொடுத்தாங்க. இப்ப நல்லா இருக்காங்க, என்னைய பார்த்தா இப்பவும் "வாய்யா"ன்னு தான் கூப்பிடறாங்க. அந்த 76 எங்க இருந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது. தாறுமாறா துடிக்கும்போது, வேர்வையும் நடுக்கமுமா இருக்கும்போது, வாட்சுக்கு சிக்னல் புரிஞ்சிருக்காது. ரெண்டு கோடு காட்டியிருக்கணும். என்னோட 300 அதை மறைச்சிருச்சு.

ரெண்டு கோடு வந்திருந்தா அத்தை பயந்திருப்பாங்க, அப்பாவை எழுப்பியிருப்பாங்க. அந்த பயம் அவங்களுக்கு தேவைப்பட்ட பயம்.

நான் சொல்ல வர்ற விஷயம் இது தான். விழாவை விளம்பரச் செலவுன்னு நினைக்கறோம். இல்ல. விழா சாமானுக்குள்ள நுழைஞ்சிடும். மேடைல எது அழகா தெரியுமோ அது தான் முதல்ல சரியாகும். மேடைல எது அசிங்கமா தெரியுமோ அது மறைக்கப்படும். இருபது பேர் கம்பெனில விழாவுக்கு ஒரு மென்பொருள், விக்கறதுக்கு ஒரு மென்பொருள்னு ரெண்டு வச்சு பராமரிக்க யாருக்கும் நேரம் கிடையாது. ஒண்ணு தான் இருக்கும். அது மேடைக்கு செஞ்சதா தான் இருக்கும்.

"பெரிய கம்பெனியெல்லாம் ஏமாத்தலையா?"ன்னு கேப்பீங்க. ஏமாத்தினாங்க. 2007 ஜனவரில ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினப்ப அது அடிக்கடி நின்னு போற நிலைமைல தான் இருந்துச்சு. எந்த வரிசைல எதைத் தொட்டா நிக்காம ஓடும்னு ஒரு பாதை போட்டு அதுலயே போனாங்க. சிக்னல் எப்பவும் அஞ்சு கோடு காட்டற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. இதெல்லாம் பின்னாடி அந்த பொறியாளர்களே சொன்னது. அவங்க அஞ்சு கோட்டை வரைஞ்சாங்க, நான் ரெண்டு கோட்டை அழிச்சேன், அவ்வளவு தான் வித்தியாசம்னு தோணலாம். ஆனா அவங்களுக்கு ஜூன் 29 வரைக்கும் நேரம் இருந்துச்சு, சரி பண்ண காசும் ஆளும் இருந்துச்சு. குட்டி கம்பெனிக்கு விழாவுல வர்ற காசு தான் அடுத்த மாச சம்பளம். சரி பண்ணலாம்னு நினைக்கும்போது அடுத்த விழா வந்துரும்.

காசு இருந்தாலும் தப்பிக்க முடியாதுங்கறதுக்கு ஹ்யூமேன் கதை இருக்கு. ஆப்பிள்ல வேலை பார்த்த ரெண்டு பேர் ஆரம்பிச்சது, சட்டைல குத்திக்கற ஏஐ பின். 20 கோடி டாலருக்கு மேல முதலீடு. 2023ல டெட் மேடைல காட்டினாங்க, பாரிஸ் ஃபேஷன் வாரத்துல கோபெர்னி விழாவுல மாடல்களுக்கு குத்தி விட்டாங்க. நவம்பர்ல அறிமுக வீடியோ. அந்த வீடியோல "அடுத்த கிரகணத்தை எங்க இருந்து பார்க்கலாம்?"னு கேட்டா, 2024 ஏப்ரல் கிரகணத்துக்கு ஆஸ்திரேலியாவையும் கிழக்கு திமோரையும் சொல்லுச்சு. அங்கெல்லாம் தெரியாது, அது மெக்சிகோ, அமெரிக்கா, கனடா கிரகணம். பல பேர் உக்காந்து எடிட் பண்ணின வீடியோல, யாருமே விடையை சரி பார்க்கல. ஏன்னா எல்லாரும் வெளிச்சம் நல்லா இருக்கான்னு தான் பார்த்திருப்பாங்க. 699 டாலர் விலை, மாசம் 24 டாலர் சந்தா. 2024 ஏப்ரல்ல கைக்கு வந்ததும் விமர்சனம் செஞ்சவங்க கிழிச்சு தொங்க விட்டாங்க. 2025 பிப்ரவரில ஹெச்பி 11 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கினதா அறிவிப்பு. வாங்கின பத்து நாள்ல, பிப்ரவரி 28 மதியம், சர்வரை நிறுத்தினாங்க. அதோட பின் வெறும் பின் ஆயிடுச்சு. கடைசி 90 நாளைக்குள்ள வாங்கினவங்களுக்கு மட்டும் தான் பணம் திரும்ப.

இப்ப பெபிளுக்கு திரும்ப வருவோம். அதுவும் மூழ்கின கப்பல் தான். 2015ல இன்னொரு கிக்ஸ்டார்ட்டர்ல 2 கோடியே 3 லட்சம் டாலர் வசூல் பண்ணினவங்க, 2016 டிசம்பர்ல கடையை மூடி ஃபிட்பிட்டுக்கு வித்தாங்க. ஆனா எப்படி மூடினாங்கன்னு பாருங்க. பெபிள் டைம் 2க்கு காசு கட்டினவங்களுக்கு பணத்தை திருப்பிக் கொடுத்தாங்க. சர்வர் 2018 ஜூன் 30 வரைக்கும் ஓடுச்சு. அதுக்குள்ள வாட்சுக்கு ஆப் எழுதின ஆர்வலர்கள் ரெபிள்னு ஒரு குழுவா சேர்ந்து சொந்தமா சர்வர் போட்டாங்க. 2025 ஜனவரில கூகுள் அந்த மென்பொருளை திறந்த மூலமா வெளியிட்டுச்சு. அதே மிகிகோவ்ஸ்கி அதை வச்சு 2025ல புது வாட்ச் விக்க ஆரம்பிச்சுட்டார். கம்பெனி செத்து எட்டு வருஷம் கழிச்சு சாமான் உயிரோட இருக்குன்னா, காரணம் மேடை இல்ல. ஆரம்பத்துல இருந்தே வெளியாட்களுக்கு கதவை திறந்து வச்சது தான்.

எங்க கம்பெனி 2024ல மூடினாங்க. மெயில் கூட போகல. ஒரு நாள் ஆப் லாகின் ஆகல, அவ்வளவு தான். விழா வீடியோ மட்டும் யூட்யூப்ல இன்னும் இருக்கு.

சரி, புலம்பல் போதும். குட்டி கம்பெனி நடத்தறவங்க யாராவது இதைப் படிச்சா, உள்ளே இருந்து பார்த்தவனா சில விஷயம் கேட்டுக்கறேன்.

1. மேடைல இருக்கற கையில காட்டாதீங்க, ஹால்ல இருக்கற கையில காட்டுங்க. வந்த 180 பேர்ல ஒரு அம்மா, ஒரு வயசானவர், ஒரு கறுத்த ஆள், ஒரு பச்சை குத்தின பையன்னு பத்து பேருக்கு கட்டி விட்டு, பக்கத்துல விரல் மீட்டரோ, நெஞ்சுல கட்டற பட்டையோ வச்சு ரெண்டு நம்பரையும் திரைல போடுங்க. வித்தியாசம் வந்தா வரட்டும். நேர்ல கூப்பிட்டதுக்கு அது தான் அர்த்தம்.

2. ரெண்டு கோடு வந்தா வரட்டும். "கை ஆடினா இப்படி ஆகும், தப்பான நம்பர் காட்டறதுக்கு இது மேல்"னு மைக்ல சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியம் பத்து விளம்பரத்துக்கு சமம். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறவன் எடுக்கட்டும்.

3. நேரலைல இருக்கறவனுக்கும் மைக் கொடுங்க. ஹால்ல ஒரு கேள்வி, ஆன்லைன்ல ஒரு கேள்வின்னு மாத்தி மாத்தி. கேள்வியை வடிகட்ட ஆள் போடாதீங்க. விற்பனையை விழா நேரத்துல வைக்காதீங்க. அடுத்த நாள் காலைல பத்து மணிக்கு வச்சா இருபது விநாடி தாமதமும் பிரச்னை இல்ல, ராத்திரி யோசிச்சுட்டு வாங்குவாங்க. யோசிச்சா வாங்க மாட்டாங்கன்னு பயமா இருந்தா, பிரச்னை விழாவுல இல்ல.

4. கடையை மூடினா என்ன ஆகும்னு மேடைலயே சொல்லுங்க. சர்வர் இல்லாம வாட்ச் என்னென்ன செய்யும்? தகவல் எங்க இருக்கு, அதை எடுத்துக்க முடியுமா? கல்யாண மேடைல இழவுப் பேச்சான்னு கேக்காதீங்க. காசு கொடுக்கறவனுக்கு தெரிஞ்சுக்க உரிமை இருக்கு.

5. உடம்பைப் பத்தி பேசும்போது நாக்கை அடக்குங்க. ஊசி குத்தாம சர்க்கரை அளக்கற வாட்ச், மோதிரம்னு எதுக்குமே அனுமதி கொடுக்கலன்னு அமெரிக்காவோட எஃப்டிஏ 2024 பிப்ரவரில எச்சரிக்கையே விட்டாங்க. நம்ம ஊர்ல அந்த மாதிரி சொல்லி விக்கறதை நீங்களே பார்த்திருப்பீங்க. "ஆரோக்கிய வழிகாட்டி மட்டுமே, மருத்துவக் கருவி அல்ல"ன்னு டப்பாவுக்கு அடில எறும்பு சைஸ்ல போட்டுட்டு, மேடைல "உங்க அம்மா அப்பாவோட இதயத்தைப் பார்த்துக்கும்"னு பேசறது நியாயமில்ல. கோவில்பட்டில டிவி பார்க்கறவங்க கண்ணுக்கு எறும்பு தெரியாது. மேடை தான் தெரியும்.

இப்படியெல்லாம் விழா நடத்தினா விக்குமான்னு கேட்டா, எனக்கு சத்தியமா பதில் தெரியாது. கொஞ்சம் கம்மியா விக்கலாம். ஆனா திரும்பி வர்ற பார்சலும், திட்டும் அதை விட கம்மியா இருக்கும்னு ஒரு வருஷம் கஸ்டமர் புகார் படிச்சவனா சொல்ல முடியும். பாதி புகார் வாட்ச் கெட்டுப் போச்சுன்னு வராது. "விழால காட்டின மாதிரி இல்ல"ன்னு தான் வரும்.

போன பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தேன். அத்தை கையில அந்த வாட்ச் இன்னும் இருக்கு. ஆப் செத்துப் போனதால மணி மட்டும் காட்டுது, அதுவும் பதினோரு நிமிஷம் ஃபாஸ்ட். "வேற வாங்கித் தரேன் அத்த"ன்னேன். "எதுக்குய்யா காசக் கரியாக்குத, இது நீ செஞ்சதுல்லா"ன்னாங்க. அப்பா சிரிச்சார். நானும் சிரிக்கற மாதிரி வச்சுக்கிட்டேன். அந்த 300 கதையை அன்னைக்கும் சொல்லல. இங்க சொல்லிட்டேன், அத்தை இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல. அடுத்த தடவை போகும்போது நேர்ல சொல்லணும்.

டிஸ்கி 1: நான் இப்ப வாட்ச் கம்பெனில இல்ல. பேங்குக்கு பொட்டி தட்டறேன். அங்கயும் டெமோ உண்டு, ஆனா திரைல யார் இதயமும் ஓடாது :-)

டிஸ்கி 2: வீட்டுல பெரியவங்களுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருந்தா, ஒரே ஒரு விஷயம் சொல்லி வைங்க. உடம்பு ஒண்ணு சொல்லி வாட்ச் ஒண்ணு சொன்னா, உடம்பை நம்பச் சொல்லுங்க.